பிளேடும் மடக்கை அட்டவணையும் கொண்டு இசையமைத்தவர்

ஒரு சவர பிளேடு, ஒரு மடக்கை அட்டவணை, சில நூறு அடி ஒலிநாடா, பச்சை வர்ணம் பூசிய ஓர் உலோக விளக்கு மூடி. இந்த நான்கையும் உங்களிடம் கொடுத்து, "இவற்றை வைத்து இசையமைத்துக் கொண்டு வா" என்று யாராவது சொன்னால் என்ன நினைப்பீர்கள்? கேலி செய்கிறார் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் இவற்றைக் கொண்டு உண்மையாகவே இசை படைத்த ஒரு பெண்மணி இருந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த அவருடைய பெயர் டீலியா டார்பிஷர். 1963ஆம் ஆண்டில் அவர் உருவாக்கித் தந்த ஓர் இசை, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முகப்பில் 1980ஆம் ஆண்டு வரை ஒலித்தது. கேட்டவர்கள் எல்லாரும் "இது என்ன வாத்தியம்?" என்று வியந்தார்கள். அது எந்த வாத்தியமும் அன்று! அப்படியானால் அது எப்படிப் பிறந்தது? அதில் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் என்ன பங்கு? பார்ப்போம்.

சங்கு கற்பித்த பாடம்

டீலியா 1937ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் கவன்ட்ரி நகரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாகும்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் கவன்ட்ரியின் மீது குண்டு மாரி பொழிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் பழம்பெரும் தேவாலயம் எரிந்து கூடாகிப் போயிற்று. பின்னர் டீலியாவைப் பிரஸ்டன் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

அந்த நாட்களில் விமானம் வரும்போதெல்லாம் அபாயச் சங்கு ஊதும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி அது அலறினால் ஆபத்து; ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருள். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது, எது அதை எழுப்புகிறது என்று குழந்தைக்குத் தெரியாது. வெறும் ஒலி மட்டுமே தெரியும். தமக்கு முதன்முதல் மின்னணு இசையாக அமைந்தது அந்தச் சங்கொலிதான் என்று பிற்காலத்தில் டீலியா சொன்னார். பிரஸ்டனில் ஆலைத் தொழிலாளர்கள் விடியற்காலையில் மரக்காலணி அணிந்து கல் பாவிய தெருவில் நடக்கும் ஓசையும் அவர் நினைவில் தங்கிவிட்டது.

சங்கு எப்படி ஊதுகிறது? எளிய மாதிரி ஒன்றை எண்ணிப் பாருங்கள். விளிம்பில் 20 துளைகள் உள்ள ஒரு வட்டத் தகடு சுழல்கிறது. அதன் மீது காற்றைச் செலுத்துகிறோம். துளை எதிரே வரும்போது காற்று புகுந்து செல்லும். துளை நகர்ந்ததும் தடைபடும். தகடு விநாடிக்கு 22 முறை சுழன்றால், காற்று விநாடிக்கு 20 × 22 = 440 முறை விட்டு விட்டுப் பாயும். 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலி பிறக்கும். தகட்டின் வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறும்; குறைத்தால் இறங்கும். பியானோவில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவித்தான் போக முடியும். சங்கிலோ சுருதி வழுக்கிக்கொண்டே போகும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறக்கவில்லை

டீலியா படிப்பில் மிகவும் கெட்டிக்காரி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கர்ட்டன் கல்லூரியில் கணிதம் படிக்க உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே கணிதத்தோடு இசையையும் பயின்று 1959ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

ஒலிப்பதிவுத் துறையில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனமாகிய டெக்காவை அணுகினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. கணிதம் தெரியும், இசை தெரியும், ஆனால் பெண் என்பதால் வேலை இல்லை!

டீலியா சோர்ந்துவிடவில்லை. ஜெனீவா நகரில் சில காலம் வேறு வேலைகள் பார்த்தார். 1960ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் என்று ஒரு விசித்திரமான பட்டறை இருந்தது. நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வேண்டிய புதுமையான ஒலிகளைத் தயாரிப்பதற்காக 1958ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டிருந்தது. அதைத் தொடங்கி வைத்த இருவரில் ஒருவரான டாஃப்னி ஓரம் என்பவரும் ஒரு பெண்மணியே. டீலியா தாமாகவே கேட்டு 1962ஆம் ஆண்டு அந்தப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

நேரத்தை அடிக்கோலால் அளக்கலாம்

அந்தப் பட்டறையில் என்னென்ன இருந்தன? முதலாவது, டேப் ரிக்கார்டர்கள். இரண்டாவது, அலையியற்றிகள். இவை சோதனைச்சாலைக் கருவிகள். ஒரு குமிழைத் திருப்பினால், நாம் வேண்டிய அதிர்வெண்ணில் மின் அலைவுகளை உண்டாக்கும். அந்த அலைவுகளை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் 'ஊ...' என்ற தூய ஒலி கேட்கும். மூன்றாவது, ஒலியில் வேண்டாத அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டிகள். இன்று நாம் காணும் சிந்தசைசர் போன்ற ஒரு கருவியும் அங்கே இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் மூக் தமது புகழ்பெற்ற சிந்தசைசரை அறிமுகப்படுத்தியதே 1964ஆம் ஆண்டில்தான்.

டேப் ரிக்கார்டரின் தத்துவத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். நாடாவின் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்ஸைடு பூசப்பட்டிருக்கிறது. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் பதிவுத் தலையில் காந்தப்புலமாக மாறி, ஓடும் நாடாவைக் காந்தமாக்குகிறது. பின்னர் அதே நாடா ஓடும்போது அந்தக் காந்தப் பதிவு மீண்டும் மின்னோட்டமாகி, ஒலியாக மாறுகிறது.

இங்கே ஓர் அருமையான உண்மை மறைந்திருக்கிறது. நாடா சீரான வேகத்தில் ஓடுகிறது. ஆகவே நேரம், நீளமாக மாறிவிடுகிறது! ஒலிபரப்பு நிலையங்களில் நாடா விநாடிக்கு 15 அங்குலம், அதாவது ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அரை விநாடி ஒலிக்க வேண்டிய சுரம் ஒன்று 19 சென்டிமீட்டர் நாடா. கால் விநாடிச் சுரம் ஒன்பதரை சென்டிமீட்டர் நாடா. ஒலியை அடிக்கோலால் அளக்கலாம், பிளேடால் நறுக்கலாம், பசை நாடாவால் ஒட்டலாம், முன்பின்னாகத் திருப்பியும் போடலாம். நாடாவின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக ஒட்டிவிட்டால் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

நாடாவின் வேகத்தை மாற்றினால் என்ன ஆகும்? இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் 220 ஹெர்ட்ஸ் ஒலி 440 ஹெர்ட்ஸ் ஆகும். அதாவது ஒரு ஸ்தாயி மேலே போகும். ஆனால் ஒலிக்கும் நேரம் பாதியாகிவிடும். சுழலும் தகட்டின் வேகத்தைக் கூட்டினால் சங்கின் சுருதி ஏறியதே, அதே தத்துவம்தான்.

இப்படி ஒலிகளை நறுக்கி ஒட்டும் கலையை டீலியா கண்டுபிடிக்கவில்லை. பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர் 1948ஆம் ஆண்டிலேயே ரயில் ஓசைகளைப் பதிவு செய்து அவற்றைக் கொண்டு இசை அமைத்திருந்தார். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1950களில் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹவுசன் அலையியற்றிகளின் தூய ஒலிகளைக் கொண்டே இசை படைத்தார். இந்த இரு வழிகளையும் டீலியா தேவைக்கு ஏற்பக் கையாண்டார்.

ஒரு தாளிலிருந்து ஓர் இசை

1963ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சி 'டாக்டர் ஹூ' என்ற விஞ்ஞானக் கதைத் தொடரைத் தொடங்கத் திட்டமிட்டது. காலத்தின் ஊடே பயணம் செய்யும் ஒருவரின் கதை. அதன் முகப்பு இசைக்கு மெட்டு எழுதியவர் ரான் கிரெய்னர் என்னும் இசையமைப்பாளர். அவர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு தாள். மெட்டும் அடித்தளச் சுரங்களும் அதில் இருந்தன. இன்ன இடத்தில் காற்றைப் போல, இன்ன இடத்தில் மேகத்தைப் போல ஒலிக்க வேண்டும் என்பது போன்ற குறிப்புகளும் இருந்தன. மேகம் எப்படி ஒலிக்கும்? அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு டீலியாவுக்கு!

டிக் மில்ஸ் என்ற உதவியாளருடன் அவர் வேலையைத் தொடங்கினார். 'தும் - ததும்' என்று அடியில் ஓடும் தாளத்துக்கு, இழுத்துக் கட்டிய ஒரு தந்தியை மீட்டிப் பதிவு செய்தார். அந்த ஒரே மீட்டலை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டு, வேண்டிய சுரங்கள் அனைத்தையும் பெற்றார். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் அளந்து நறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். மேலே வழுக்கிச் செல்லும் மெட்டு அலையியற்றிகளிலிருந்து பிறந்தது; குமிழைக் கையால் திருப்பியே சுருதியை வழுக்கினார்கள். காற்றுக்கும் மேகத்துக்கும் வெள்ளை இரைச்சல் பயன்பட்டது. எல்லா அதிர்வெண்களும் சம அளவில் கலந்த 'உஸ்...' என்ற ஒலியே வெள்ளை இரைச்சல். எல்லா நிறங்களும் கலந்தால் வெள்ளொளி என்கிறோம் அல்லவா? அது போன்ற பெயர்தான் இதுவும். அதை வடிகட்டிகள் வழியே செலுத்தினால் காற்றாக, புகையாக, மேகமாக உருமாறும்.

இப்போது ஒரு சிக்கல். அடித்தளம் ஒரு நாடாவில், மெட்டு ஒரு நாடாவில், காற்று ஒரு நாடாவில். பல தடங்களை ஒரே நாடாவில் பதியும் கருவி அன்று பட்டறையில் இல்லை. ஆகவே தனித்தனி இயந்திரங்களில் நாடாக்களைப் பொருத்தி, ஒரே நொடியில் அவற்றை ஓடவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு நாடாவில் பதிந்தார்கள். எங்காவது ஒரு சுரம் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருந்தாலும் அதற்குப் பிறகு எல்லாமே தாளம் தப்பும். தவறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மைடா வேல் கட்டடத்தின் நீண்ட நடைகூடத்தில் நாடாக்களைப் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டு, ஒட்டுகள் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே நடப்பார்களாம்! இரண்டு நிமிட இசைக்கு நாடாவின் நீளம் என்ன? 120 × 38 = 4560 சென்டிமீட்டர்; ஏறத்தாழ 46 மீட்டர். இசையில் நேர்ந்த பிழையை நடந்து போய்க் கண்டுபிடித்த விந்தை இது.

மடக்கை எதற்கு?

வகுப்பில் மடக்கை நடத்தும்போது, "இது எங்கே பயன்படப் போகிறது?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. டீலியா மடக்கை அட்டவணைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்தார். ஏன் என்று பாருங்கள்.

ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரு மடங்காகும். மேலை இசையில் ஒரு ஸ்தாயி 12 சமபடிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 'சமம்' என்றால் ஒவ்வொரு படிக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவது அன்று. ஒரே எண்ணால் பெருக்குவது. அந்த எண்ணை 12 முறை பெருக்கினால் 2 வர வேண்டும். அதாவது அது 2இன் பன்னிரண்டாம் மூலம். இதை எப்படிக் கணக்கிடுவது? மடக்கை எடுத்துவிட்டால் பெருக்கல் கூட்டலாகிவிடும். 2இன் மடக்கை 0.3010. அதை 12ஆல் வகுத்தால் 0.0251. இதன் எதிர்மடக்கை ஏறத்தாழ 1.0595. இதுவே ஒரு படிக்கு உரிய எண்.

220 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து ஏழு படி மேலே உள்ள சுரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 220இன் மடக்கை 2.3424. ஏழு படிகளுக்கு 0.3010 × 7 ÷ 12 = 0.1756. இரண்டையும் கூட்டினால் 2.5180. எதிர்மடக்கை 329.6. வேண்டிய அதிர்வெண் கிடைத்துவிட்டது! நாடாவை எத்தனை மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும்? 329.6ஐ 220ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நம் காதும் சுருதியை இப்படித்தான் உணர்கிறது. 110இலிருந்து 220க்குப் போவதும், 440இலிருந்து 880க்குப் போவதும் காதுக்கு ஒரே அளவு ஏற்றமாகவே தோன்றும். காதுக்கு மடக்கை தெரியும் என்றே சொல்லலாம்.

விளக்கு மூடியின் பாட்டு

இனி அந்தப் பச்சை விளக்கு மூடிக்கு வருவோம். சஹாரா பாலைவனத்தில் வாழும் துவாரெக் மக்களைப் பற்றிய ஒரு செய்திப்படத்துக்கு 1960களின் பிற்பகுதியில் டீலியா இசையமைத்தார். பாலைவனத்தின் வெறுமையை ஒலியாக்க வேண்டும். பட்டறையில் இருந்த உலோக விளக்கு மூடி ஒன்றின் ஒலி அவருக்கு மிகவும் பிடித்தமானது. அதைத் தட்டினால் மணி போல ஒலிக்கும்.

ஒரு மணியை அடிக்கும்போது இரண்டு பகுதிகள் உள்ளன. முதலில் 'டங்' என்ற தாக்கொலி. பிறகு நெடுநேரம் நீளும் 'ஙீ...' என்ற ரீங்காரம். இது மணி, இது பியானோ என்று நாம் இனம் காண்பதற்குத் தாக்கொலி பெரிதும் உதவுகிறது. அதை நீக்கிவிட்டால் காது திகைத்துப் போகும். பதிவு செய்யும்போது டீலியா தாக்கொலியை விட்டுவிட்டு ரீங்காரத்தை மட்டும் மெல்ல மெல்ல எழச் செய்தார்.

அதோடு நிற்கவில்லை. எந்த ஒலியும் பல தூய ஒலிகளின் கூட்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே சுருதியில் வயலினும் புல்லாங்குழலும் வேறுபட்டு ஒலிப்பதற்குக் காரணம், அவற்றில் அடிப்படை ஒலியோடு கலந்துள்ள மேற்சுரங்களின் அளவு வேறுபடுவதுதான். தந்தியின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்குகளாக ஒழுங்காக அமையும். தகட்டிலும் மணியிலும் அப்படி ஒழுங்காக அமைவதில்லை. உலோக ஒலியின் விசித்திர அழகு அதிலிருந்தே வருகிறது. டீலியா அந்த மூடியின் ஒலியைப் பகுத்தாய்ந்து, அதில் அடங்கிய அதிர்வெண்களில் வலிமையான 12ஐத் தேர்ந்தெடுத்தார். பட்டறையில் இருந்த 12 அலையியற்றிகளை அந்த அதிர்வெண்களில் வைத்து, ஒலியை மீண்டும் கட்டி எழுப்பினார். தம் குரலின் ஒலித்துண்டுகளையும் அதனோடு சேர்த்தார். ஒட்டகங்கள் மணலில் அசைந்து செல்லும் காட்சிக்கு அது பொருத்தமாக அமைந்தது. ஒரு வேதியியலார் சேர்மத்தைப் பகுத்து, தனிமங்களிலிருந்து மீண்டும் தொகுப்பது போன்ற வேலை இது.

யார் இசையமைப்பாளர்?

டாக்டர் ஹூ தொடர் 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கியது. முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், இதை நானா எழுதினேன் என்று வியந்து போனார். டீலியாவையும் தம்மோடு சேர்த்து இசையமைப்பாளராக அறிவிக்க வேண்டும் என்று முயன்றார். பி.பி.சி. இணங்கவில்லை. பட்டறைப் பணியாளர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்பது அங்கே வழக்கம். ஆகவே திரையில் கிரெய்னரின் பெயரும் பட்டறையின் பெயரும் மட்டுமே வந்தன.

இது நியாயமா? நீங்களே யோசித்துப் பாருங்கள். மெட்டு கிரெய்னருடையது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மெட்டைப் பியானோவில் வாசித்தால் நம் நினைவில் நிற்கும் அந்த இசை வராது. வாத்தியக்காரர் ஏற்கெனவே இருக்கும் வாத்தியத்தை வாசிக்கிறார். டீலியாவோ ஒவ்வொரு சுரத்தின் ஒலியையும் புதிதாகச் செய்தார். தாளில் எழுதுவது மட்டும்தான் இசையமைப்பா, ஒலியையே செய்வதும் இசையமைப்பா? மின்னணு இசை எழுப்பிய பெரிய கேள்வி இதுதான். அதற்கு விடை தெரியும் வரை அதைச் செய்தவர்கள் பெயரின்றி இருந்தார்கள். 2013ஆம் ஆண்டு, தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில்தான் முதன்முதலாக டீலியாவின் பெயர் திரையில் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

பட்டறையில் பதினோர் ஆண்டுகளில் ஏறத்தாழ 200 நிகழ்ச்சிகளுக்கு அவர் இசையும் ஒலியும் அமைத்தார். 1969ஆம் ஆண்டு 'ஒயிட் நாய்ஸ்' குழுவினருடன் சேர்ந்து ஓர் இசைத்தட்டையும் உருவாக்கினார். 1970களின் தொடக்கத்தில் பட்டறைக்குள் சிந்தசைசர்கள் வந்தன. கட்டையை அழுத்தினால் ஒலி தயார்! டீலியாவுக்கு அது நிறைவு தரவில்லை. 1973ஆம் ஆண்டு பி.பி.சி.யை விட்டு விலகினார். அதன்பின் எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் ரேடியோ இயக்குபவராகவும், கலைக்கூடத்திலும், புத்தகக் கடையிலும் வேலை பார்த்தார். நெடுங்காலம் இசையமைக்கவே இல்லை. 1990களின் இறுதியில் இளைய இசைக்கலைஞர்கள் அவரைத் தேடி வந்தபோது மீண்டும் ஆர்வம் கொண்டார். ஆனால் 2001 ஜூலை 3ஆம் நாள், 64ஆம் வயதில், மறைந்தார்.

அவருடைய வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் இருந்தன. அவை பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்து, எண்முறைப் பதிவுகளாக மாற்றப்பட்டன. அவற்றுள் 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு பதிவு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் பரவிய நடன இசையைப் போலவே இருந்தது கண்டு 2008ஆம் ஆண்டு பலரும் வியந்தனர். 2017ஆம் ஆண்டு, அவர் பிறந்த ஊரின் கவன்ட்ரி பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப் பின் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

செய்து பாருங்கள்

இன்று நாடாவும் பிளேடும் வேண்டாம். ஒலியைப் பதிந்து வெட்டும் செயலி உள்ள ஒரு கைப்பேசியோ கணினியோ போதும். அதில் ஒலி, விநாடிக்கு 44,100 எண்கள் என்ற கணக்கில் எண்களின் வரிசையாகப் பதிவாகிறது. நறுக்குவதும் ஒட்டுவதும் அந்த எண்களைத்தான்.

ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைத் துணியின் மேல் வைத்து, பென்சிலால் தட்டி, ஒலி அடங்கும் வரை பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் உள்ள தாக்கொலியை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதியை நண்பரிடம் போட்டுக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். பிறகு வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். ஒலி ஒரு ஸ்தாயி இறங்கி, இரு மடங்கு நேரம் நீள்கிறதா? (சில செயலிகள் வேகத்தை மாற்றினாலும் சுருதியை மாறாமல் வைத்திருக்கும், அந்த வசதியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.) அடுத்தபடியாக, அதே ஒலியை நான்கு படி மேலே ஏற்ற வேகத்தை எத்தனை மடங்காக்க வேண்டும்? மடக்கை அட்டவணையை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விடை 1.26க்கு அருகில் வந்தால் நீங்கள் சரியான பாதையில் போகிறீர்கள். எட்டுச் சுரங்கள் செய்து முடித்ததும் அவற்றை வரிசையாக ஒட்டி ஒரு மெட்டு அமையுங்கள். அதன் அடியில் உங்கள் பெயரை எழுத மறந்துவிடாதீர்கள்.